வேலை போனால் மகளின் இன்சுலினுக்கு யார் பணம் கட்டுவார்கள்?

கேள்வி: ஓசூரில் கார் உதிரிபாக நிறுவனம் ஒன்றில் 11 வருடமாக எம்பெடட் சாஃப்ட்வேர் எஞ்சினியராக இருக்கிறேன். வயது 36. மாதம் 95,000 ரூபாய் கைக்கு வருகிறது. மனைவிக்கு 32 வயது, பி.எஸ்சி. நர்சிங் முடித்து தனியார் மருத்துவமனை ஒன்றில் ஐ.சி.யூ.வில் வேலை பார்க்கிறார். எட்டு வயது மகளுக்கு டைப் 1 சர்க்கரை நோய். இன்சுலின், உடம்பில் ஒட்டி சர்க்கரையைப் பார்க்கும் சென்சர், டாக்டர் ஃபீஸ் என்று மாதம் 14,000 ரூபாய் கையை விட்டுப் போகிறது. கம்பெனி இன்ஷூரன்ஸ் அட்மிட் ஆனால்தான் கொடுக்கும். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஒரு கம்பெனி வருடம் 56,000 யூரோ சம்பளத்துக்குக் கூப்பிடுகிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஸ்கார்பரோவில் இருக்கும் மைத்துனரோ, "கனடாவில் மருத்துவம் முழுக்க இலவசம், பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) போட்டுட்டு வா, வேலையை வந்து தேடிக்கலாம்" என்கிறார். பி.ஆருக்குப் புள்ளி அடிப்படையில் ஆள் எடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் என் ஸ்கோர் 441. கையில் 18 லட்சம் சேமிப்பு இருக்கிறது. அப்பாவுக்கு 67 வயது, ஸ்டென்ட் வைத்திருக்கிறார். அப்பா அம்மா எங்களோடுதான் இருக்கிறார்கள். எங்கே போவது? இல்லை, போகவே வேண்டாமா?

பதில்: முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். கனடா இப்போதைக்கு வேண்டாம். ஜெர்மனிக்குப் போகலாம், ஆனால் குடும்பத்தோடு ஒரேயடியாகக் கிளம்பாதீர்கள். அந்த ஆஃபரில் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்தும் போடாதீர்கள்.

வெளிநாட்டு வேலை பற்றிக் கேட்டு வருகிறவர்களிடம் நான் வழக்கமாகச் சம்பளம், வரி, வாடகை என்றுதான் பேச்சை ஆரம்பிப்பேன். டைப் 1 குழந்தை இருக்கும் வீட்டில் அப்படி ஆரம்பிக்க முடியாது. பல் கட்டுவதையோ மூட்டு ஆபரேஷனையோ ஆறு மாதம் தள்ளிப் போடலாம், இன்சுலினை ஒரு நாள்கூடத் தள்ளிப் போட முடியாது. அதனால் எந்த நாடாக இருந்தாலும் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, அங்கே எனக்கு வேலை போனால் மறுமாதம் என் மகளின் மருந்துக்கு யார் பணம் கட்டுவார்கள் என்பதைத்தான். சிகிச்சை இலவசமா, காசா என்பதைவிட, அது உங்கள் வேலையோடு எவ்வளவு இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பது உங்களுக்கு முக்கியம்.

நீங்கள் கேட்காத அமெரிக்காவை வைத்து இதைச் சொன்னால் சட்டென்று புரியும். அங்கே எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் அடுத்த வேலைக்கு 60 நாள் அவகாசம்தான், கம்பெனி கொடுத்த இன்ஷூரன்ஸும் வேலையோடு முடிந்துவிடும். கோப்ரா என்ற சட்டப்படி அதே பாலிசியைத் தொடரலாம், ஆனால் அதுவரை கம்பெனி கட்டிவந்த பங்கையும் சேர்த்து முழு பிரீமியத்தையும் நீங்களே கட்ட வேண்டும். 2024-இல் கம்பெனி வழியாக எடுக்கும் குடும்ப பாலிசியின் சராசரி பிரீமியம் வருடம் 25,572 டாலர். சம்பளம் நின்றுபோன மாதத்தில் அதைக் கட்ட எத்தனை பேரால் முடியும்? சம்பளம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் உங்கள் வீட்டுக்கு அது சரிவராது.

இனி கனடா. உங்கள் மைத்துனர் சொல்வது பாதி சரி. பி.ஆர். கிடைத்து ஒன்டாரியோவில் குடியேறினால், ஓஹிப் என்ற மாகாணக் காப்பீட்டில் டாக்டரைப் பார்ப்பது, ஆஸ்பத்திரி, ரத்தப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் கட்டணம் கிடையாது. ஆனால் ஆஸ்பத்திரிக்கு வெளியே வாங்கும் மாத்திரை மருந்து பொதுவாக அதில் வராது, பல்லும் கண்ணாடியும் வராது. வேலை பார்க்கும் கம்பெனி "பெனிஃபிட்ஸ்" என்று கொடுக்கும் தனியார் காப்பீட்டில்தான் அவற்றை எல்லாரும் சமாளிக்கிறார்கள். இதில் உங்கள் மகளுக்கு ஒரு நல்ல விதிவிலக்கு இருக்கிறது. 25 வயதுக்குக் கீழே இருந்து தனியார் காப்பீடும் இல்லாதவர்களுக்கு ஒன்டாரியோ அரசே மருந்துச் செலவை ஏற்கிறது, இன்சுலின் அதில் உண்டு. டைப் 1 உள்ளவர்களின் இன்சுலின் பம்புக்கும் மாகாண அரசின் உதவித் திட்டம் இருக்கிறது. உங்களுக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஆகவே மகளின் மருந்தை மட்டும் வைத்துப் பார்த்தால் கனடா மோசமே இல்லை. இதை நான் மறைக்க விரும்பவில்லை.

சிலர் பயமுறுத்தியும் இருப்பார்கள், குழந்தைக்கு சர்க்கரை என்றால் மெடிக்கலில் தட்டிவிடுவார்கள் என்று. பொதுச் சுகாதாரச் செலவு ஒரு வரம்பைத் தாண்டும் என்றால் விண்ணப்பத்தை மறுக்கும் விதி இருப்பது உண்மைதான். ஆனால் 2018-இல் அந்த வரம்பை மூன்று மடங்காக்கினார்கள். 2025-இல் அது வருடத்துக்கு 27,162 கனடிய டாலர். வேறு சிக்கல் இல்லாத டைப் 1 குழந்தையின் செலவு பொதுவாக அந்த அளவைத் தொடாது. நோயை மட்டும் மறைக்காதீர்கள். மறைத்தது பின்னால் தெரியவந்தால், நோய்க்காக இல்லாமல் பொய்க்காக மறுப்பார்கள்.

சிக்கல் எல்லாம் உள்ளே போவதிலும் வேலை கிடைப்பதிலும்தான். 441 ஸ்கோரோடு பொது வரிசையில் நின்றால் அழைப்பு வராது, 2025-இல் கட்-ஆஃப் 500-க்கு மேலேயே இருந்தது. வேலை ஆஃபர் வாங்கினால் கூடுதல் புள்ளி என்று இருந்ததையும் 2025 மார்ச் 25 முதல் எடுத்துவிட்டார்கள். பி.ஆர். எண்ணிக்கையை 2025-க்கு 3,95,000 ஆகக் குறைத்தார்கள். அதற்கு முந்தைய வருட இலக்கு 4,85,000. நாட்டின் வேலையின்மை 2025 ஆகஸ்டில் 7.1 சதவீதம். போதாததற்கு, அமெரிக்கா 2025 ஏப்ரலில் வெளிநாட்டு கார்களுக்கு 25 சதவீத வரி போட்டதில் ஒன்டாரியோவின் கார் தொழில் நேரடியாக அடி வாங்கியது, உங்கள் துறை அதுதான். மூன்று பேர் குடும்பத்துக்குக் கையிருப்பாக, 2025 கணக்குப்படி சுமார் 23,000 கனடிய டாலர் காட்டச் சொல்வார்கள். உங்கள் சேமிப்பு அதற்குப் போதும், ஆனால் வேலை தேடும் மாதங்கள் நீண்டால் அதை வைத்து ரொம்ப நாள் ஓட்ட முடியாது. "வந்து தேடிக்கலாம்" என்பது மைத்துனர் போன காலத்துக்குப் பொருந்தியிருக்கலாம்.

இன்னொரு விஷயம், குடும்ப டாக்டர். ஒன்டாரியோவில் 20 லட்சம் பேருக்கு மேல் குடும்ப டாக்டர் இல்லாமல் இருக்கிறார்கள். புதிதாகப் போகிறவர் முன்பதிவு இல்லாமல் பார்க்கும் வாக்-இன் கிளினிக்கில் உட்கார்ந்து, அங்கிருந்து குழந்தைகள் சர்க்கரை நோய்ப் பிரிவுக்குப் பரிந்துரை வாங்கிப் போக வேண்டிவரும். காசு கிடையாது, ஆனால் காத்திருப்பு உண்டு. கனடா மேல் ஆசை போகவில்லை என்றால் ஒன்று செய்யுங்கள். விண்ணப்பத்தை உங்கள் மனைவியை முதன்மை விண்ணப்பதாரராக வைத்துப் போட்டுப் பாருங்கள். சுகாதாரத் துறைக்கென்று தனியாக நடத்தும் சுற்றுகளில் கட்-ஆஃப் பொது வரம்புக்குக் கீழே இறங்குகிறது. உங்களைவிட அவருக்கு வாய்ப்பு அதிகம்.

உங்கள் கடிதத்திலேயே என்னை நிறுத்தியது அதுதான். உங்கள் சம்பளம், ஸ்கோர், ஆஃபர் பற்றியெல்லாம் விவரமாக எழுதியிருக்கிறீர்கள், ஐ.சி.யூ. அனுபவம் உள்ள மனைவியைப் பற்றி ஒரே வரிதான் இருக்கிறது. இன்றைய நிலையில் வெளிநாட்டில் உறுதியான வேலை கிடைக்கக்கூடியவர் உங்கள் வீட்டில் அவர்தான். அவருடைய வேலையை நடுவில் வைத்துத் திட்டம் போட வேண்டும் என்று மனதார நினைக்கிறேன். ஏன் என்று ஜெர்மனிக் கணக்கில் தெரியும்.

யூரோவை நூறால் பெருக்கி 56 லட்சம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். 2025 கணக்குப்படி மாதம் 4,667 யூரோ மொத்தச் சம்பளத்தில், ஓய்வூதியம், வேலையின்மைக் காப்பீடு, மருத்துவக் காப்பீடு, பராமரிப்புக் காப்பீடு எல்லாம் சேர்த்து 980 யூரோ அளவுக்குப் போய்விடும். அதற்கு மேல் வருமான வரி. மனைவியும் அங்கே வந்து, வேலைக்குப் போகாமல் இருந்தால் நீங்கள் வரிப் பிடித்தம் குறைவான மூன்றாம் வரி வகுப்பில் வருவீர்கள், கைக்குச் சுமார் 3,300 யூரோ வரும், கூடவே குழந்தைக்கான அரசு உதவித்தொகை 255 யூரோ. ஸ்டுட்கார்ட் பக்கம் மூன்று பேர் இருக்கும் அளவுக்கு வீடு, ஹீட்டிங் செலவோடு 1,300 முதல் 1,600 யூரோ வரை கேட்பார்கள். மீதியில் கஷ்டப்படாமல் வாழலாம். பெரிதாகச் சேர்க்க முடியாது.

பிடித்தம் செய்யும் பணத்தில் மருத்துவத்துக்கு மட்டும் உங்கள் பங்கு 400 யூரோ, கிட்டத்தட்ட அதே தொகையைக் கம்பெனியும் கட்டும். 400 யூரோ என்றால் ஓசூரில் மகளுக்குச் செலவழிப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்று முதலில் உறுத்தும். ஆனால் அந்தப் பணத்துக்கு வருவதைப் பாருங்கள். வேலைக்குப் போகாத மனைவியும் மகளும் கூடுதலாக ஒரு யூரோகூடக் கட்டாமல் அதே காப்பீட்டில் வந்துவிடுவார்கள். ஏற்கெனவே இருக்கும் நோயைக் காரணம் காட்டி அரசு சார்ந்த காப்பீட்டு நிதிகள் யாரையும் ஒதுக்க முடியாது, காத்திருப்புக் காலமும் கிடையாது. இன்சுலின் போடுகிறவர்களுக்குத் தொடர் சர்க்கரை சென்சரையும் 2016 முதல் அந்த நிதிகள் கொடுக்கின்றன. பெரியவர்கள் மருந்து வாங்கும்போது 5 முதல் 10 யூரோ கொடுக்க வேண்டும், 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. டெக்னிகர், ஆ.ஓ.கா., பார்மர் என்று பல நிதிகள் இருக்கின்றன. கூடுதல் பங்கில் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும், சலுகைகள் ஏறக்குறைய ஒன்றுதான், ரொம்ப யோசிக்க வேண்டாம். தனியார் காப்பீட்டுக்கு மட்டும் போய்விடாதீர்கள். 2025-இல் வருடம் 73,800 யூரோவுக்குக் கீழே சம்பளம் வாங்குகிற ஊழியரால் அதற்குப் போகவும் முடியாது, உங்கள் விஷயத்தில் இது நல்லதுதான். விசாவுக்காக ஏஜென்ட் விற்கும் பயணக் காப்பீடு வேலையில் சேரும் நாள்வரைக்கும்தான், அதில் மகளின் சர்க்கரைக்கு எதுவும் கிடைக்காது.

வேலை போனால்? அங்கே 12 மாதம் வேலை பார்த்துப் பங்கு கட்டியிருந்தால், குழந்தை உள்ளவருக்கு நிகரச் சம்பளத்தில் 67 சதவீதம் வேலையின்மைப் படியாக ஆறு மாதம் வரும். 24 மாதம் கட்டியிருந்தால் ஒரு வருடம் வரும். அந்தக் காலம் முழுக்க மருத்துவக் காப்பீட்டுப் பங்கை வேலைவாய்ப்பு அலுவலகமே கட்டிவிடும், மகளின் இன்சுலின் நிற்காது. ஆபத்து முதல் 12 மாதத்தில்தான். முதல் ஆறு மாதம் பெரும்பாலும் தகுதிகாண் காலமாக இருக்கும், இரண்டு வார நோட்டீஸில் அனுப்பிவிடலாம். அப்போது போனால் வேலையின்மைப் படி கிடையாது, காப்பீட்டைச் சொந்தக் காசில் தொடர வேண்டும், பட்டதாரி ஊழியர்களுக்கு அங்கே கொடுக்கும் ப்ளூ கார்டு என்ற வேலை அனுமதியில் அடுத்த வேலை தேட மூன்று மாதம் அளவில்தான் அவகாசம் கிடைக்கும்.

இது நடக்காது என்று உங்கள் துறையில் யாராலும் உறுதி கொடுக்க முடியாது. ஃபோக்ஸ்வேகன் 2030-க்குள் 35,000 வேலைகளைக் குறைக்க 2024 டிசம்பரில் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டது. கார் உதிரிபாக நிறுவனமான இசட்.எஃப். 2028-க்குள் 14,000 வரை குறைப்பதாகச் சொன்னது. ஸ்டுட்கார்ட்டைச் சேர்ந்த பாஷ் 2025 செப்டம்பரில் மேலும் 13,000 என்று அறிவித்தது. நீங்கள் போகும் கம்பெனி இவர்களுக்குச் சரக்கு கொடுப்பதாக இருந்தால் அந்த அதிர்வு அங்கேயும் வரும். அந்த வட்டாரத்தில் இரண்டாவது வேலை தேடும்போது ஜெர்மன் பேசத் தெரியாதவர் வரிசையில் பின்னால்தான் நிற்பார்.

அதனால் என் யோசனை இது. நீங்கள் மட்டும் முதலில் போங்கள். தகுதிகாண் காலம் முடியும்வரை மனைவி ஓசூரில் அதே வேலையில் இருக்கட்டும், மகள் அதே டாக்டரிடம், அதே பள்ளியில் இருக்கட்டும். அந்த ஆறு மாதம் நீங்கள் தனியாள் வரி வகுப்பில் வருவதால் கைக்கு 2,950 யூரோ அளவுதான் கிடைக்கும், குழந்தைக்கான உதவித்தொகையும் வராது. ஆனால் ஒரு அறையில் தங்கினால் செலவு பாதிகூட ஆகாது, அவசர நிதிக்கு நல்ல தொகை சேரும். ஆறு மாதம் பிரிந்திருப்பது எட்டு வயதுப் பிள்ளைக்கும் மனைவிக்கும் லேசான காரியம் இல்லை, இரவு சர்க்கரை இறங்கும்போது மனைவி தனியாகச் சமாளிக்க வேண்டும் என்பதும் தெரியும். அப்பா அம்மா வீட்டில் இருப்பது இதில் பெரிய துணை. வேலை உறுதியானதும் குடும்பம் வரட்டும். ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் மனைவி விசாவுக்கு ஜெர்மன் தேர்வு எழுத வேண்டியதில்லை, போன உடனே வேலைக்கும் போகலாம்.

இருந்தாலும் மனைவி இன்றைக்கே ஜெர்மன் வகுப்பில் சேரட்டும். அங்கே செவிலியராகப் பதிவுசெய்ய நம் ஊர்ப் பட்டத்துக்கு அங்கீகாரமும் பி2 அளவு ஜெர்மனும் வேண்டும். அது வந்துவிட்டால், கார் கம்பெனிகள் ஆள் குறைக்கும் அதே ஊரில் ஆஸ்பத்திரிகள் ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருக்கும். இரண்டு பேருக்கும் வேலை இருந்தால், ஒருவருக்குப் போனாலும் மகள் இன்னொருவரின் காப்பீட்டில் தொடர்வாள். சென்னையில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் செவிலியர்களை ஜெர்மனிக்கு அனுப்பும் வேலையைச் செய்கிறது. உங்களுக்கு அவர்கள் வழியாகப் போக வேண்டிய தேவை இல்லாவிட்டாலும் அங்கீகார நடைமுறையை அங்கே போய் விசாரியுங்கள். நீங்களும் பி1 வரை படியுங்கள். ப்ளூ கார்டில் நிரந்தர வசிப்பு பி1 இருந்தால் 21 மாதத்தில், ஆரம்ப நிலையான ஏ1 மட்டும் இருந்தால் 27 மாதத்தில் கிடைக்கும். அதன்பிறகு வேலை போவதால் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியதில்லை.

அப்பா அம்மாவை அழைத்துப் போகும் திட்டத்தை இப்போது போடாதீர்கள். 2024 மார்ச்சுக்குப் பிறகு போன தொழில்முறை ஊழியர்கள் பெற்றோரை அழைக்கச் சட்டம் வழி கொடுக்கிறது. ஆனால் அவர்களுக்கு முழு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். ஸ்டென்ட் வைத்த 67 வயதுக்காரருக்குக் கட்டுப்படியாகும் விலையில் அது கிடைப்பது மிகக் கடினம். அவர்களுக்கு இங்கேயே தனி பாலிசி, அவசரத்துக்கு மூன்று லட்சமாவது அம்மா பெயரில் வங்கியில், ராத்திரி கூப்பிட்டால் ஓடிவருகிற ஒரு உறவினர். இதெல்லாம் சரியாகாமல் குடும்பத்தைக் கிளப்பாதீர்கள்.

போகவே வேண்டாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மாதம் 14,000 ரூபாயை மிச்சப்படுத்த என்றால் போக வேண்டாம். இரண்டு சம்பளம் வரும் வீட்டில் அது பாரம்தான், ஆனால் தாங்க முடிகிற பாரம். போவதற்கு வேறொரு நல்ல காரணம் இருக்கிறது. மகளுக்கு 25 வயது ஆகும்போது பெரும்பாலும் உங்கள் பாலிசியிலிருந்து வெளியே வந்துவிடுவாள், டைப் 1 இருக்கிறது என்று தெரிந்தால் நம் ஊரில் தனிநபர் பாலிசி கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் இன்சுலினும் சென்சரும் பெரும்பாலும் அதில் வராது. ஜெர்மனியில் அவள் வளர்ந்து படிப்போ வேலையோ தொடங்கும்போது தன் சொந்தப் பெயரில் காப்பீட்டுக்குள் போய்விடுவாள், நோயைப் பற்றி யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். இந்தக் கஷ்டத்தையெல்லாம் படுவதற்கு அந்த ஒரு காரணமே போதும் என்பேன்.

ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன்னால், இப்போது இருக்கும் கம்பெனி குரூப் பாலிசியை அதே இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் தனிக் குடும்ப பாலிசியாக மாற்ற விண்ணப்பியுங்கள். கழித்த காத்திருப்புக் காலம் கணக்கில் வரும். மறுக்கவும் வாய்ப்பு உண்டு, ஆனாலும் கேளுங்கள். ஒருவேளை திரும்பி வர நேர்ந்தால், புதிதாக எடுக்கும் பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வைப்பார்கள்.

மகள் கிளம்பும்போது ஒரு விஷயத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். நம் ஊர்க் கடைகளில் விற்கும் இன்சுலின் குப்பிகள் பல ஒரு மில்லிக்கு 40 யூனிட், வெளிநாடுகளில் பெரும்பாலும் 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சில் 100 யூனிட் இன்சுலினை அதே கோடுவரை இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். மனைவி செவிலியர் என்பதால் இது தெரிந்திருக்கும், நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். முடிந்தால் இங்கேயே இன்சுலின் பேனாவுக்கு மாற்றிவிடுங்கள். மூன்று மாத மருந்தையும் டாக்டரின் ஆங்கிலக் கடிதத்தையும் கைப்பையில் வையுங்கள். லக்கேஜில் போட்டால் சரக்கு அறையின் குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம்.

இப்போது கம்பெனியின் எச்.ஆருக்கு ஒரு மெயில் அனுப்புங்கள். ஒப்பந்தம் காலவரையற்றதா, தகுதிகாண் காலம் எவ்வளவு, தொழிற்சங்கக் கூட்டு ஒப்பந்தத்தில் இந்த வேலை வருகிறதா, ப்ராஜெக்ட் எந்த வாடிக்கையாளருக்கு, எத்தனை வருடத்துக்கு, மொழி வகுப்புக்குப் பணம் கொடுப்பார்களா என்று கேளுங்கள். ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு மட்டும் என்றோ, ஆள் சப்ளை செய்யும் ஏஜென்சி பெயரில் என்றோ பதில் வந்தால் இந்த ஆஃபரை விட்டுவிடுங்கள், வேறு ஆஃபர் தேடலாம். பதில் வந்ததும் எழுதுங்கள், ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.